கொரோனாவுல நின்னுபோன கண் கேம்ப் திரும்ப வந்தது எப்படி? சங்கத்துல கூட்டம் போட்டாத்தான் ஜனங்களுக்கு வேலை நடக்கும்!

ஆர்.கே.பேட்டை:

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் தறி ஓட்டும் குடும்பங்களில் வயசானவர்களுக்கு பெரிய பிரச்சினை கண். நூல் அறுந்தால் கண்ணுக்கு தெரியவேண்டும். தெரிந்தால்தான் முடிச்சு போட முடியும். பார்வை மங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் அடுப்பு எரியாது.

இந்த ஜனங்களுக்கு கை கொடுப்பது ஊருக்கு வரும் இலவச கண் கேம்ப்தான். ஆட்டோவில் மைக் கட்டி தமிழிலும் தெலுங்கிலும் அறிவிப்பு போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் டேபிள், நாற்காலி போடுவார்கள். பேனரில் பார்த்தால் "ரோட்டரி சங்கம்" அல்லது "லயன்ஸ் சங்கம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

2020-ம் வருடம் மார்ச் 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அந்த மைக் சத்தம் அடியோடு நின்றுபோனது. ஏன் நின்றது? திரும்ப எப்படி வந்தது? "சங்கத்துக்காரங்க கூட்டம் போட்டா நமக்கு என்னா லாபம்?" என்று கேட்பவர்களுக்கு பதில் இதோ.

சங்கம் என்றால் என்ன?

ரோட்டரி சங்கம் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோ நகரில். 1905-ம் வருடம் பிப்ரவரி 23-ந்தேதி பால் ஹாரிஸ் என்ற வக்கீல், 3 நண்பர்களோடு உட்கார்ந்து பேசி ஆரம்பித்தார். ஒரு வாரம் ஒருத்தர் ஆபீஸ், மறு வாரம் இன்னொருத்தர் ஆபீஸ் என்று சுற்றிச் சுற்றி கூடினார்கள். அப்படி சுற்றியதால்தான் "ரோட்டரி" என்று பெயர் வந்தது. அதாவது, கூட்டம் போட்டதே அந்த சங்கத்துக்கு பேராகிவிட்டது.

அதே சிகாகோவில் 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ் வியாபாரி முயற்சியில் லயன்ஸ் சங்கம் வந்தது. நம்ம ஊரில் அதை "அரிமா சங்கம்" என்றும் சொல்வார்கள்.

சென்னையில் ரோட்டரி சங்கம் 1929-ல் தொடங்கியது. லயன்ஸ் சங்கம் இந்தியாவுக்குள் நுழைந்தது 1956-ல், பம்பாய் வழியாக. பிறகு ஜில்லா தலைநகர், தாலுகா, டவுன் என்று பரவியது. உறுப்பினராக இருப்பவர்கள் கடைக்காரர், வக்கீல், டாக்டர், வாத்தியார், ரைஸ்மில்காரர், மெடிக்கல் ஷாப் ஓனர் என்று பலதரப்பட்டவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவர்கள்தான் சங்கத்துக்கு சந்தா கட்டவேண்டும்.

ஆரம்பத்தில் பெண்களை சேர்க்கவில்லை. லயன்ஸ் சங்கம் 1987-லும், ரோட்டரி சங்கம் 1989-லும்தான் பெண்களுக்கு கதவைத் திறந்தன. 2022-ல் ஜெனிபர் ஜோன்ஸ் என்ற பெண்மணி உலக ரோட்டரிக்கே தலைவர் ஆனார். அவருக்கு முந்தைய வருடம், அதாவது கொரோனா உச்சத்தில் இருந்த 2021-22-ல், தலைவராக இருந்தவர் இந்தியாவைச் சேர்ந்த சேகர் மேத்தா என்பது குறிப்பிடத்தக்கது.

கண்ணுக்கும் லயன்சுக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணும் தெரியாமல், காதும் கேளாமல் வளர்ந்து, படித்து, உலகப்புகழ் பெற்றவர் ஹெலன் கெல்லர். 1925-ல் அமெரிக்காவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் அவர் பேசினார். பார்வை இல்லாதவர்களுக்காக நீங்கள் பாடுபடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்த வேலையை அந்த சங்கம் இன்றுவரை விடவில்லை. அதனால்தான் லயன்ஸ் என்றாலே கண் கேம்ப் என்று ஆகிவிட்டது.

ரோட்டரிக்காரர்கள் பிடித்தது போலியோ. 1985-ல் உலகம் முழுக்க போலியோவை ஒழிக்க திட்டம் போட்டார்கள். பக்கத்து வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் டி.ஜேக்கப் ஜான், ரோட்டரிக்காரர்களை சேர்த்துக்கொண்டு 1980-களிலேயே சொட்டு மருந்து முகாம்களுக்கு வழிகாட்டினார். 1995-ல் நாடு முழுவதும் பல்ஸ் போலியோ வந்தது. பஸ் ஸ்டாண்டிலும் ரெயில் நிலையத்திலும் சொட்டு மருந்து பெட்டியோடு நின்றவர்களில் இந்த சங்கத்து ஆட்களும் உண்டு. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011-ம் வருடம் ஜனவரி மாதம் மேற்கு வங்காளத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். 2014-ம் வருடம் மார்ச் 27-ந்தேதி போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

மணி அடிப்பார்கள். தலைவர் பேசுவார். சால்வை போடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். சாப்பாடு நடக்கும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். "சால்வை சங்கம்" என்று கிண்டல் அடிப்பதும் இதனால்தான். அந்த கிண்டலில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. போட்டோவோடு நின்றுபோன சங்கங்களும் உண்டு.

ஆனால் வேலை நடக்கிற சங்கத்தில், நடுவில் ஒரு அரை மணி நேரம் முக்கியமானது. "அடுத்த மாசம் கண் கேம்ப் போடணும். பள்ளிக்கூடத்துல பர்மிஷன் யாரு வாங்குறீங்க?" என்று கேட்பார் செயலாளர். ஒருத்தர் கை தூக்குவார். "சாப்பாட்டு செலவு?" இன்னொருத்தர் கை தூக்குவார். "ஆட்டோ மைக்?" மூன்றாவது ஆள். எதிரே 20 பேர் உட்கார்ந்து பார்க்கும்போது "என்னால ஆகாது" என்று சொல்ல வாய் வராது. ஒருத்தர் 1,000 ரூபாய் கொடுத்தால் பக்கத்து சீட்காரர் 2,000 எடுப்பார். இதுதான் அந்த கூட்டத்தின் சூட்சுமம்.

லயன்ஸ் சங்கத்தில் "டெயில் ட்விஸ்டர்" என்று ஒரு பதவியே இருக்கிறது. வாலை முறுக்குபவர் என்று அர்த்தம். லேட்டாக வந்தால், பேட்ஜ் குத்தாமல் வந்தால், விளையாட்டாக அபராதம் போட்டு வசூல் பண்ணுவதுதான் அவர் வேலை.

இரண்டு சங்கங்களிலும் வருடம் ஆரம்பிப்பது ஜூலை 1-ந்தேதி. அன்றோடு பழைய தலைவர் இறங்கி, புது தலைவர் ஏறுவார். ஒரு தலைவருக்கு கிடைப்பது 12 மாதம்தான். அதற்குள் செய்தால் உண்டு.

"ஜூம்"ல கைதட்டலாம், நாற்காலி போட முடியுமா?

ஊரடங்கில் கல்யாண மண்டபம் பூட்டு, ஓட்டல் பூட்டு. கூட்டம் செல்போனுக்குள் போனது. "ஜூம்" ஆப்பில் இலவசமாக பேசினால் 40 நிமிஷத்தில் கட் ஆகிவிடும். பெரியவர்களுக்கு மைக்கை ஆன் பண்ணத் தெரியாது. "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே பாதி நேரம் போனது. 2020 ஜூலையில் பதவி ஏற்ற தலைவர்களில் பலர் செல்போன் திரையிலேயே பொறுப்பு ஏற்றார்கள். 2020-ல் ரோட்டரி உலக மாநாடு ஆன்லைனில்தான் நடந்தது, லயன்ஸ் உலக மாநாடு ரத்தானது. 2021-ல் இரண்டு மாநாடுகளுமே ஆன்லைனில்தான் நடந்தன. 2022-ல்தான் ரோட்டரி மாநாடு அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், லயன்ஸ் மாநாடு கனடாவின் மாண்ட்ரியலிலும் நேரில் கூடின.

அந்த நாட்களில் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அரிசி மூட்டை, மாஸ்க், சாப்பாட்டு பொட்டலம் கொடுத்தார்கள். 2021 மே மாதம் ஆக்சிஜனுக்கு அலைந்த நேரத்தில் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவிகளை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு கொடுத்தார்கள். பணம் அனுப்பி வாங்கித் தருகிற வேலை செல்போனிலேயே நடந்தது.

நடக்காதது, ஆளுக்கு ஆள் பக்கத்தில் நிற்கவேண்டிய வேலை. கண் கேம்ப், ரத்ததான கேம்ப் இரண்டுமே அந்த ரகம். கண் பரிசோதனை செய்ய டாக்டர் முகத்துக்கு அருகே வந்தாகவேண்டும். வருகிறவர்களோ 60 வயசைத் தாண்டியவர்கள். கொரோனா அதிகமாக உயிரை எடுத்ததும் அந்த வயசுக்காரர்களைத்தான். அதனால் கேம்பை நிறுத்தியது தப்பே இல்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது ஏழை ஜனங்கள்.

நின்றதால் வந்த நஷ்டம்

கண்புரை ஆபரேஷனை சில மாதம் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனால் வருடக்கணக்கில் விட்டால் புரை முற்றிவிடும். ஆபரேஷன் கஷ்டமாகும். சிலருக்கு கண்ணுக்குள் பிரஷர் ஏறி, பார்வை நிரந்தரமாகவே போகலாம். ஊரடங்குக்கு பிறகு முற்றிய புரையோடு வந்தவர்கள் அதிகம் என்று கண் டாக்டர்கள் எழுதி இருக்கிறார்கள்.

ரத்தத்தின் கதை இன்னும் மோசம். எடுத்த ரத்தத்தை சாதாரணமாக 35 நாள்தான் வைத்திருக்க முடியும். அதில் இருந்து பிரிக்கும் பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள். சேர்த்து வைத்துக்கொள்ள வழி இல்லை. கல்லூரிகள் மூடியதால் மாணவர்கள் கொடுப்பது நின்றது. 2021 மே 1-ந்தேதி முதல் 18 வயசு ஆனவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி என்று ஆனபோது, ஊசி போட்டபின் 14 நாள் ரத்தம் கொடுக்கக்கூடாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஆன பெண்கள், விபத்தில் சிக்கியவர்கள், சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே உயிர் வாழும் தலசீமியா குழந்தைகள்... இவர்களுக்கு ஊரடங்கு தெரியுமா?

திரும்பிய மைக் சத்தம்

திரும்பி வந்தது ஒரே நாளில் அல்ல. 2021 செப்டம்பர் 12-ந்தேதி தமிழக அரசு நடத்திய மெகா தடுப்பூசி முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட தைரியத்தில் வெளியே வர ஆரம்பித்தார்கள். 2022 ஜனவரியில் மூன்றாவது அலை, ஞாயிறு முழு ஊரடங்கு என்று மறுபடியும் ஒரு தடங்கல். அதன்பிறகே கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன.

இந்த பக்கத்து ஜனங்களுக்கு அது கண்ணில் தெரிந்தது திருத்தணி மலையில். 2020, 2021 என 2 வருடம் ஆடிக்கிருத்திகைக்கு பக்தர்களுக்கு அனுமதி இல்லை. 2022-ல் காவடிகள் திரும்பின. கூட்டம் கூடினால்தானே குடிதண்ணீர், அன்னதானம், முதலுதவி எல்லாம்.

ஒரு மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. நேரில் வரமுடியாதவர்கள் செல்போனில் கலந்துகொள்வது இப்போது பல சங்கங்களில் சகஜம். ரோட்டரியில் 2016-லேயே இதற்கு விதி தளர்த்தப்பட்டது. மாதம் 2 கூட்டமாவது நடக்கவேண்டும், நேரிலும் நடத்தலாம், ஆன்லைனிலும் நடத்தலாம் என்றார்கள். கணக்கு வழக்கு பேச செல்போன் போதும். நாற்காலி தூக்க ஆள்தான் வரவேண்டும்.

கண் கேம்ப்: தெரிஞ்சுக்க வேண்டியது

கேம்பில் ஆபரேஷன் நடக்காது. அந்த காலத்தில் பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் பந்தல் போட்டு ஆபரேஷன் செய்தது உண்டு. கிருமி தொற்றும் என்பதால் இப்போது கேம்பில் பரிசோதனை மட்டும்தான். புரை இருந்தால் வேனிலோ பஸ்சிலோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ஆபரேஷன் முடித்து, கண்ணுக்குள் லென்ஸ் வைத்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இந்த முறையை ஊர் ஊராக கொண்டுபோய் உலகத்துக்கே காட்டியது. ஊரில் கேம்பை ஏற்று நடத்துவது சங்கம். வைத்தியம் ஆஸ்பத்திரி பொறுப்பு.

* ஆதார் கார்டு, ரேஷன் கார்டு நகல், செல்போன் நம்பர் கொண்டுபோங்கள்.

* சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் சீட்டையும் மாத்திரையையும் மறக்காமல் எடுத்துப்போகவேண்டும். அன்றே அழைத்துப்போனால் மாத்திரை கையில் இருக்கவேண்டும்.

* வயசானவர்களை தனியாக அனுப்பாதீர்கள். வீட்டு ஆள் ஒருத்தர் கேம்ப் வரைக்குமாவது போங்கள்.

* ஆபரேஷன் முடிந்தபின் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை விடவேண்டும். "நல்லா தெரியுதே" என்று பாதியில் நிறுத்தக்கூடாது. தறிக்கூடத்து தூசி, அடுப்புப் புகை கொஞ்ச நாளைக்கு ஆகாது.

* இலவச கேம்ப் என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்கு பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கேயே சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

40 வயசு ஆனவர்களும் போகலாம். கிட்டத்தில் இருக்கும் நூல் மங்கலாக தெரிந்தால் அது பெரும்பாலும் புரை இல்லை, வெள்ளெழுத்து. வெள்ளெழுத்து கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். அசாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்து கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பறிக்கும் அளவு சுமார் 22 சதவீதம் கூடியது என்று 2018-ல் அந்த ஆய்வு வெளியானது. தேயிலைக்கே அப்படி என்றால், நூலுக்கு சொல்லவே வேண்டாம்.

ரத்தம் யார் கொடுக்கலாம்?

18 வயசு முதல் 65 வயசு வரை கொடுக்கலாம். எடை 45 கிலோ இருக்கவேண்டும். ஹீமோகுளோபின் 12.5-க்கு குறையக்கூடாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லி அல்லது 450 மில்லிதான். "ரத்தம் குடுத்தா தறி ஓட்ட தெம்பு இருக்காது" என்று பயப்படுபவர்கள் உண்டு. நல்ல உடம்புக்காரர்களுக்கு அந்த பயம் வேண்டாம். அன்று ஒரு நாள் பளு தூக்காமல், தண்ணீர் நிறைய குடித்தால் போதும். வெறும் வயிற்றோடு மட்டும் போகக்கூடாது.

கண்தானமும் செய்யலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். உடனே 104-க்கு போன் போடுங்கள். வரும்வரை இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, பேனை நிறுத்தி, தலைக்கு தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர், சுகர்காரர், புரை ஆபரேஷன் செய்தவரும் கொடுக்கலாம். முகம் விகாரமாக ஆகாது. ஒருத்தர் கண்ணால் 2 பேருக்கு பார்வை வரும்.

கணக்கு கேட்க உரிமை உண்டு

லயன்ஸ் சங்கத்தில் ஒரு கறாரான விதி இருக்கிறது. ஜனங்களிடம் வசூலித்த பணத்தை ஜனங்களுக்கே செலவு செய்யவேண்டும். கூட்டத்துக்கு சாப்பாடு, சால்வை, பேட்ஜ் செலவெல்லாம் உறுப்பினர் சந்தாவில் இருந்துதான் போகவேண்டும். இரண்டுக்கும் தனித்தனி கணக்கு. அதனால் நன்கொடை கொடுப்பவர்கள் தைரியமாக ரசீது கேட்கலாம். 100 ரூபாய் கொடுத்தாலும் கேட்கலாம். ரசீது தர யோசிப்பவர்களிடம் கொடுக்கவேண்டியது இல்லை.

புதுசாக சங்கம் ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்? ரோட்டரியானாலும் லயன்சானாலும் 20 பேர் போதும். தாலுகா ஊரில் 20 கடைக்காரர்களும் வாத்தியார்களும் மனசு வைத்தால் முடியாத காரியம் இல்லை. சந்தா கட்ட வசதி இல்லாதவர்களும் ஒதுங்கி நிற்கத் தேவை இல்லை. கேம்ப் நாளில் வரிசையை ஒழுங்குபடுத்த, பெரியவர்களை கைப்பிடித்து அழைத்துப்போக, தெலுங்கு மட்டும் தெரிந்த பாட்டிக்கு டாக்டர் சொல்வதை எடுத்துச்சொல்ல, ஆள் எப்போதும் பற்றாக்குறைதான்.

எனவே அடுத்த முறை மண்டபத்து மாடியில் மணி அடித்து கூட்டம் நடந்தால், "சாப்பாட்டு கூட்டம்" என்று சிரித்துவிட்டு போய்விடாதீர்கள். படி ஏறிப்போய், "எங்க தெருவுல கண்ணு தெரியாதவங்க 10 பேரு இருக்காங்க, கேம்ப் எப்ப போடுறீங்க?" என்று கேளுங்கள். எதிரில் நின்று கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். கூட்டம் நேரில் நடப்பதால் ஜனங்களுக்கு கிடைத்திருக்கும் பெரிய லாபமே அதுதான்.